பூஜைக்கு வைத்த லேப்டாப்

நான் பார்க்கிற வேலை என்னவென்று என் ஊரில் ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில், பனச்சமூட்டுக்கும் வெள்ளறடைக்கும் நடுவில், பின்பக்கம் ரப்பர் மரமும் முன்பக்கம் மரச்சீனிக் கிழங்குமாக நிற்கிற ஒரு வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் லேப்டாப்புகளை மேய்க்கிறேன். எந்தெந்த ஊரிலோ இருந்து வேலை பார்க்கும் ஊழியர்களின் லேப்டாப்புகளுக்குப் புதிய செயலிகளை இங்கிருந்தே அனுப்புவேன். ஒழுங்காகப் போய் உட்கார்ந்தால் என் திரையில் பச்சைப் புள்ளி. உட்காராவிட்டால் சிவப்புப் புள்ளி. சிவப்பைப் பச்சையாக்கத்தான் எனக்குச் சம்பளம். "கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். அதனால் ஊரில் ஓடாத மிக்சியெல்லாம் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த வருடம் என்னைப் படாதபாடு படுத்திய சிவப்புப் புள்ளி எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறார். வாடிக்கையாளர்கள் திட்டி எழுதுகிற புகார்களுக்குத் திட்டாமல் பதில் எழுதும் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான். அவர் வீட்டுக் கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்துவது என் மேசைக்குக் கேட்கும். ஆனால் அவருடைய லேப்டாப்புக்கு நான் போகவேண்டுமென்றால் பெங்களூர் வழியாகத்தான் போகவேண்டும். வேலியைத் தாண்டிப் போய், ஒரு பென் டிரைவைச் செருகி, செயலியைக் கையால் ஏற்றிவிட்டு வந்தால் அது செல்லாது. சர்வரிலிருந்து தானாக இறங்கி, தானாக உட்கார வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

அது ஒரு பாதுகாப்புச் செயலி. குறிப்பிட்ட திங்கட்கிழமை காலைக்குள் அது ஏறாத லேப்டாப் தானாகவே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி போய்விடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் அலுவலகத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

"தம்பி, எனக்குப் பெங்களூருக்குப் போவ ஒக்காது," என்றார் அக்கா. "இந்த வேலைய விடவும் ஒக்காது. நீதான் என்னமாது செய்யணும்." கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ வருடம் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து, கடைசியில் கிடைத்த வேலை அது. முதல் சம்பளத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பலாப்பழ அல்வா வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவருடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். பனச்சமூடு ஸ்டாண்டில் நிற்பார். கோயில் கமிட்டியிலும் இருப்பவர், ஆசாரத்தில் ஊசிமுனை விலகாதவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு இதில் ஒரு பதற்றமும் இருந்ததாகத் தெரியவில்லை. "போணும்ன்னா போயிட்டு வரட்டு. சாரமில்ல. ஆளுவ துபாய்க்கே போவுது," என்று சொல்லிவிட்டு ஆட்டோ கண்ணாடியைத் துடைக்கப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்நெஞ்சன் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

நானும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். செயலி பெரியது. இறங்க ஆரம்பித்தால் முடியும்வரை கரண்டும் நெட்டும் அறுந்துபோகக் கூடாது. அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அக்காவின் லேப்டாப்பில் காலையில் ஒழுங்காக ஆரம்பிக்கும், மதியம் திரும்பியதும் செத்துவிடும். தினமும் இதே கதை. நான் பதிவுகளைப் புரட்டினேன். செயலி செய்தவர்களுக்கு எழுதினேன். அவர்கள், "லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று பதில் எழுதினார்கள். இதைச் சொல்ல எங்கள் மிக்சிக்காரர்களே போதும். சர்வரைச் சந்தேகப்பட்டேன், நெட் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் எல்லைக் காற்றையே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நூற்றுக்கு எழுபது வரை ஏறியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் ஒரு இடி உருண்டது. உடனே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பீ! இடி வெட்டுது! பிளக்கு எல்லாம் ஊரியாச்சா?"

"இதோ ஊரியாச்சுக்கா!" என்று கத்திக்கொண்டே எழுந்து போய் என் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளக் கையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் மதியத்துக்குமேல் இடி நிச்சயம். இடி கேட்டால் டிவி, பிரிட்ஜ், மோடம், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிப்போடுவதும், பக்கத்து வீட்டுக்காரரைக் கூவி எச்சரிப்பதும் பால்குடி மாறாத காலத்திலேயே எங்களுக்குள் ஏறிய பழக்கம். அத்தனை நாளும் அக்கா தன் மோடத்தைப் பிடுங்கிவிட்டுக் கூவியிருக்கிறார், நானும் பதில் கூவியிருக்கிறேன், பிடுங்கியிருக்கிறேன். பிறகு மாடியேறி வந்து, இது ஏன் மதியத்தில் சாகிறது என்று பெங்களூருக்கு மெயில் எழுதியிருக்கிறேன். இந்த அறிவுக்கு எனக்கு மாதச் சம்பளம் வேறு.

காலையிலேயே ஏற்றி முடித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சார்ஜ் நிறைந்ததும் அக்கா பிளக்கைப் பிடுங்குவார். "கம்பெனிச் சாமானாக்கும், கேடாவப்பிடாது." அடுப்பைப் பார்க்க எழுந்தால் மூடிவைப்பார். கருத்தாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு நாளைக்கு இருபது தடவை அதைத் தொட்டுக்கொண்டிருந்தார். தொடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது என்று சொல்லலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் வேலிப்பக்கம் போனேன்.

போனால் அங்கே வேறு கோலம். ஆட்டோவைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். வராந்தாவில் அரிவாள், மண்வெட்டி, ரப்பர் வெட்டுகிற கத்தி, பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள். அண்ணன் ஈரத்துணியால் ஒரு சாமானை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அது கம்பெனி லேப்டாப்.

"அண்ணே! தண்ணி!" என்று அலறினேன்.

"பேடிக்காதே மக்கா. பிழிஞ்ச துணியாக்கும்," என்றார். "பூஜவைப்பு இல்லியா இன்னைக்கு."

எனக்கு மறந்தே போயிருந்தது. நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். எங்கள் வீட்டில் பூஜைவைப்பு கிடையாது என்றாலும், சின்ன வயதில் அந்த நாட்களில் நானும் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவேன். படிக்காமலிருக்க அதைவிட நல்ல காரணம் உலகத்தில் இல்லை. நவராத்திரியில் அஷ்டமி சாயங்காலம் தொழில் செய்கிற கருவிகளையும் படிக்கிற புத்தகங்களையும் சாமிமுன்னால் வைத்துவிட்டால், தசமி காலையில் பூஜை முடிந்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அரிவாளைத் தொட்டால் வெட்டியதாகக் கணக்கு. புத்தகத்தைத் தொட்டால் படித்ததாகக் கணக்கு. அந்த வருடம் தசமி அதே கெடுத் திங்கட்கிழமையில் வந்தது. அக்காவின் போனும் தட்டத்தில் இருந்தது. லேப்டாப்பில் நுழைகிற ரகசிய எண் அதில்தான் வரும், அதனால் அதுவும் கருவிதானாம்.

நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பெங்களூர் மேலாளர் அம்மாவைப் போனில் பிடித்தேன். இரண்டு நாள் தவணை கேட்டேன். பூஜை என்று காரணம் சொன்னேன்.

"பூஜையா? நாங்களும் நேற்றே ஆபீசில் பூஜை போட்டுவிட்டோமே," என்றார். "எல்லாக் கம்ப்யூட்டருக்கும் குங்குமம் வைத்தோம், பொரி தின்றோம், திரும்ப வேலையை ஆரம்பித்துவிட்டோம். இதற்கு எதற்கு இரண்டு நாள்?"

"இது வேறு மாதிரி, மேடம். இங்கே வைத்தால் வைத்ததுதான். யாரும் தொடமாட்டார்கள்."

"தொடாமல் எப்படி?"

"தொடவே மாட்டார்கள், மேடம். அணைக்கமாட்டார்கள், மூடமாட்டார்கள், திறக்கமாட்டார்கள், பிளக்கைக்கூடப் பிடுங்கமாட்டார்கள்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாக்கியம் எனக்கே கேட்டது. நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த வரம் அல்லவா இது! மேலாளர் அம்மாவுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, மறுபடி வேலிக்கு ஓடினேன்.

"அண்ணே, பூஜைக்கு வையுங்கோ. தாராளமா வையுங்கோ. ஆனா ஆன் பண்ணி, சார்ஜர் குத்தி வையுங்கோ."

அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எலே, பூஜைக்கு வச்ச சாமானுக்கு வேலை குடுக்கப்பிடாது."

"அக்கா வேலை செய்யல்ல. யாரும் செய்யல்ல. அது அதுக்க பாட்டுக்கு இருக்கும், செயலி அதுக்க பாட்டுக்கு ஏறும்."

"அப்பொ அது வேலை செய்யுதில்லியா?"

"வெளக்கு எரியுதே, அது வேலை செய்யல்லியா? அதை அணைச்சா போடுவிய?"

அண்ணன் விளக்கைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு சபைக்காரனிடம் பூஜை விஷயத்தில் தோற்க அவருக்கு மனமில்லை. கோயிலில் பூஜை செய்கிற போற்றிக்குப் போன் போட்டார். போற்றி அன்று தலைக்குமேல் வேலையில் இருந்திருக்க வேண்டும். முழுதாகக் கேட்காமலே, "மனுஷன் கை படாம இருந்தா போரும்," என்று சொல்லி வைத்துவிட்டார். தீர்ப்பு எனக்குச் சாதகம் என்று நானும், தனக்குச் சாதகம் என்று அண்ணனும் எடுத்துக்கொண்டோம். பட்டுத்துணி விரித்து, லேப்டாப்பை அதன் நடுவில் திறந்தபடியும், நெட் மோடத்தை அதன் பக்கத்திலும் வைத்தார்கள். தலையில் சந்தனம் வைத்தபோது சரியாகக் கேமரா கண்ணில் வைத்தார்கள். அக்கா கைகூப்பி நின்றபடி என்னிடம் திரும்பி, "ஏறீருமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். ஏறும் என்றேன்.

மாடிக்குப் போய், மறுநாள் காலையில் தானாக ஆரம்பிக்கும்படி எல்லாவற்றையும் முடுக்கிவைத்தேன். அந்த லேப்டாப் தூங்கக்கூடாது என்று ஒரு கட்டளை. எந்த நெட் கிடைத்தாலும், போன் நெட்டாக இருந்தாலும், இறக்கிக்கொள் என்று இன்னொரு கட்டளை. சனிக்கிழமையே இதையெல்லாம் செய்யக் காரணம் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது எங்கள் வீட்டில் நடக்காது. ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் வேலை செய்ய அனுமதி இருந்த ஒரே ஜீவன் அந்த லேப்டாப்தான்.

மறுநாள் ஆராதனையில் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. பிரசங்கத்தின் நடுவில் போனை எடுத்துப் புள்ளியைப் பார்க்கப்போனேன். மனைவி, பெண்கள் பக்கமிருந்து பார்த்த பார்வையில் போன் தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"பாக்கியது வேலை இல்லியே," என்றேன், வீட்டுக்கு வந்ததும்.

"அப்பொ கள்ளன் அடுத்த வீட்டுத் தங்கமாலையப் பாக்கியதும் வேலை இல்லதான்," என்றாள். ஆனாலும் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "எத்தனை ஆச்சு?" என்று கேட்டாள். பாதி தாண்டியிருந்தது.

மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையை எடுக்கும்போது இடி வெட்டியது. இந்த முறை தூரத்தில் அல்ல, தலைக்குமேலேயே. நான் கையில் உருண்டையோடு செவிகொடுத்தேன். அக்காவின் கூவல் வரவில்லை. பிளக்கைத் தொட முடியாதே, பின் எதற்குக் கூவுவார்? எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் கரண்டு போனது. எங்கள் ஊரில் கரண்டுக்கு நம்மைவிட இடிபயம் அதிகம்.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கும். மோடத்துக்கு ஏது பேட்டரி? நெட் போயிற்று. புள்ளி சாம்பல் நிறமாயிற்று. சாம்பல் என்றால், "ஆளைக் காணோம்" என்று அர்த்தம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று சொல்வார்களே, எனக்கு முழுமரமும் சறுக்கியது. நான் எச்சில் கையோடு உட்கார்ந்துவிட்டேன். அக்காவிடம் ஏறும் என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. மனைவி இன்னொரு மீன்துண்டு வைத்தாள்.

சாப்பிட்டதாகப் பேர்பண்ணிவிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால், புள்ளி உயிரோடு இருந்தது. செயலி முதலிலிருந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. கரண்டு வரவில்லை, மழை கொட்டுகிறது, மோடம் செத்துக் கிடக்கிறது, செயலி மட்டும் ஏறுகிறது. நான் விசுவாசி, அற்புதங்களை நம்புகிறவன்தான். ஆனால் நெட் விஷயத்தில் இதுவரை ஒரு அற்புதமும் பார்த்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன்.

பூஜை அறை வாசற்படிக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வலது கையை அறைக்குள் முழுதாக நீட்டி, உள்ளங்கையில் தன் போனை ஏந்தியிருந்தார். எல்லைப்பக்கத்து வீடுகளில் நெட் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு சுவரில் தமிழ்நாடு அடிக்கும், மறுசுவரில் கேரளம் அடிக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்த வாசற்படியில், அந்த உயரத்தில், கையை அப்படி நீட்டினால்தான் அவருடைய போனில் நெட் ஓடியது. கரண்டு போகும்போதெல்லாம் அக்கா வேலை பார்ப்பது அந்தப் போனின் நெட்டில்தானாம். லேப்டாப்புக்கு அது பழகிய நெட். தானாகப் பிடித்துக்கொண்டது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு ஆள் செல்போனை நைவேத்தியம் காட்டுவதுபோல நின்ற அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காதே எலே. கை ஆடும்," என்றார்.

"கையை மாத்துங்கோ அண்ணே. இல்லெங்கி நான் பிடிக்கேன்."

"வேண்டாம். மாத்தும்ப அறுந்துட்டுன்னா?"

போன் அடித்தது. கோயில் கமிட்டித் தலைவர். அண்ணன் எடுக்கவில்லை. எடுத்துப் பேசினால் அவர் போனில் நெட் நின்றுவிடும். மறுபடி அடித்தது. கமிட்டித் தலைவரின் அழைப்பை அவர் எடுக்காமல் விட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா கட்டன்சாயாவை ஆற்றிக்கொண்டுவந்து டம்ளரை அவர் வாயில் வைத்தார். அவர் கை அசையாமல் கழுத்தை மட்டும் நீட்டிக் குடித்தார். கல்நெஞ்சன் என்று நான் சொன்ன ஆள் இவர்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது. செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மழை விட்டு வெகுநேரம் கழித்துக் கரண்டு வந்தது. அதற்குமுன்பே செயலி ஏறி முடிந்திருந்தது. ஆனாலும் அண்ணன் கையை இறக்கவில்லை. முடிந்தது முடிந்தது என்று நானும் அக்காவும் மாறிமாறிச் சொல்லியும் நம்பாமல், என் போனில் இருந்த புள்ளியைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இறக்கினார். புள்ளி மஞ்சளாக இருந்தது. ஏறிவிட்டது, ஒருமுறை அணைத்துப் போடவேண்டும் என்று அர்த்தம்.

"அணைக்கியது நாளைக்குப் பூஜை எடுத்த பொறவுதான்," என்று உடனே சொல்லிவிட்டார். அந்த நிலையிலும் ஆசாரத்தை விடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பூஜை எடுத்தார்கள். அக்கா தட்டத்து அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ எழுதிவிட்டு, அதே விரலால் லேப்டாப்பை அணைத்துப் போட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி பச்சையானதும் நான் போட்ட சத்தத்தில் அவர் வீட்டுக் கோழி பறந்தது. கொஞ்ச நேரத்தில் பெங்களூர்க் கூட்டத்தில் அக்கா சேர்ந்தார். திரை முழுக்க மஞ்சள் மூட்டமாகத் தெரிவதாகவும், அடுத்து கேமராவைத்தான் நான் சரிபண்ண வேண்டும் என்றும் மேலாளர் அம்மா எனக்கு எழுதினார். நகத்தால் சுரண்டச் சொல்லிப் பதில் எழுதினேன்.

அண்ணன் ஆட்டோவை எடுக்க வந்தார். தோளில் தைல வாடை. வலது கை பாதிக்குமேல் எழும்பவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பூஜைக்கு வச்சா வேலை செய்யப்பிடாதுன்னு சொன்னியளே அண்ணே. ஞாயிறாச்ச வேலை செய்தது யாரு?"

"நான் எங்க வேலை செய்தேன்? சும்மா நின்னேன்." ஆட்டோவின் மாலையை இடது கையால் கழற்றிச் செம்பருத்தி வேலிமேல் போட்டார். அக்காவின் குரல் உள்ளே யாருடைய புகாருக்கோ பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவ போயிருந்தா," என்றார், "பின்ன எந்நாளும் சும்மாதானே மக்கா நிக்கணும்."